பம்பில் பழுது இல்லை

அந்தப் பம்பில் எந்தப் பழுதும் இல்லை, இன்ஸ்பெக்டர் மேடம். அதைச் சொல்லத்தான் நானாக ஸ்டேஷனுக்கு வந்தேன். பேப்பரில் 'பம்பு பழுதடைந்ததால் பேஸ்மெண்டில் வெள்ளம், பெண் பலி' என்று போட்டிருக்கிறார்கள். கட்டட மேனேஜர் ரோய்ஸ்டனும் எல்லாரிடமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். இரண்டு பம்பையும் கழற்றிப் பழைய இரும்புக்குப் போடப்போகிறார்களாம். நன்றாக ஓடுகிற பொருளின் மேல் இப்படி அநியாயமாகப் பழி போடக் கூடாது.

டீ வேண்டாம். இப்போதுதான் குடித்தேன்.

என் பெயர் கார்த்திகேசு. ஈப்போவில் அந்த நான்கு மாடி ஆபீஸ் கட்டடத்தில், அந்த விஸ்மாவில், மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். மேலே கிளினிக், டியூஷன் சென்டர், இன்சூரன்ஸ் ஆபீஸ். கீழே பேஸ்மெண்டில் ஒரு போட்டோஸ்டேட் கடை, ஒரு பூட்டு சாவிக் கடை, துளசியின் தையல் கடை. தரைக்குக் கீழே கடை வைத்தால் தண்ணீர் வரத்தான் செய்யும். பெரிய மழை பெய்தால் ரோட்டுத் தண்ணீர் கார் இறங்கும் சரிவில் வழிந்து நேராக உள்ளே வரும். அதற்காகக் கோடியில் ஒரு பம்பு ரூம். அந்த ரூமின் தரையில் ஆள் இறங்கினால் தலை மறைகிற ஆழத்துக்கு ஒரு குழி. வருகிற தண்ணீர் எல்லாம் குழியில் விழும். குழிக்குள் இருக்கும் இரண்டு பம்புகள் அதை இழுத்து வெளியே ரோட்டோரச் சாக்கடையில், லோங்காங்கில், தள்ளிவிடும். குழிக்கு மேலே ஒரு இரும்பு மூடி. மெயின் சுவிட்ச் குழிக்கு அந்தப் பக்கத்துச் சுவரில், நெஞ்சு உயரத்தில் இருக்கிறது. நீங்கள் போய்ப் பார்த்திருப்பீர்கள்.

பம்பு எப்போது ஓட வேண்டும் என்பதை ஒரு மிதவை சொல்லும். கக்கூஸ் தொட்டிக்குள் பந்து ஒன்று மிதக்குமே, அந்த மாதிரி. தண்ணீர் ஏறினால் மிதவை ஏறும், பம்பு ஓடும். தண்ணீர் இறங்கினால் அதுவும் இறங்கும், பம்பு நிற்கும். இவ்வளவுதான் விஷயம். இதில் கெட்டுப்போவது பெரும்பாலும் பம்பே இல்லை. மிதவையில் முடி சுற்றும், நூல் சுற்றும், பிளாஸ்டிக் பை மாட்டும். அது மேலே வராது. தண்ணீர் வந்ததே பம்புக்குத் தெரியாது. அதனால் வாரம் ஒரு தடவை மூடியைத் திறந்து, குப்பையை அள்ளி, வாளியில் தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டும். ஒரு பம்பு படுத்தால் இன்னொன்று எழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான் பார்த்தேன். ஒரு வாரம்கூட விட்டதில்லை. எனக்குக் காய்ச்சல் அடித்த வாரத்திலும் வந்தேன்.

வெள்ளம் வருமுன் அணை போடு என்று பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள். அணை போட்டவனை யார் கண்டுகொள்வார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. வருஷக் கடைசி விருந்தில் செக்யூரிட்டிக்காரருக்கு ஹேம்பர், பரிசுக் கூடை, கொடுத்துக் கை தட்டினார்கள். யாரோ ஒரு டாக்டருடைய கார் நின்றுபோனதைத் தள்ளிவிட்டாராம். நல்ல மனுஷன்தான், அவர் மேல் எனக்கு ஒன்றுமில்லை. கார் நின்றது எல்லார் கண்ணுக்கும் தெரியும். தண்ணீர் வராதது யார் கண்ணுக்குத் தெரியும்?

பிறகு ரோய்ஸ்டன் மேனேஜராக வந்தார். ஆயர் தாவார் ஊர்க்காரர், சின்ன வயசு, மரியாதையான பிள்ளை. முதல் மீட்டிங்கிலேயே கேட்டார்.

"அங்கிள், நீங்க இங்க என்ன வேல பாக்குறீங்க? பம்புதான் தானா ஓடுதே."

"அது தானா ஓடுறதுக்குத்தான் நான் இருக்கேன், தம்பி" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்குப் போன பிறகுதான் கோபம் வந்தது.

முதல் வெள்ளம் நான் செய்ததல்ல. அதை நீங்கள் தனியாக எழுதிக்கொள்ள வேண்டும். துளசி கடையைக் கூட்டும்போது நூல் துண்டுகளைத் தண்ணீர் போகிற பள்ளத்தில் தள்ளிவிடுவாள். எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். "மறந்து போச்சுண்ணே, இனிமே செய்யமாட்டேன்" என்பாள். மறுநாளும் அதையேதான் செய்வாள். நான் ஒரு கல்யாணத்துக்குச் சுங்காய் போயிருந்தபோது அந்த நூலெல்லாம் மிதவையில் சுற்றிக்கொண்டது. திரும்பி வரும்போது கணுக்கால் அளவு தண்ணீர். எல்லாரும் நாற்காலியில் ஏறி நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். நான் சிலுவார்க் காலை மடித்துக்கொண்டு போய், மூடியைத் தூக்கி, கையை விட்டு நூலை அறுத்தேன். பம்பு பிடித்தது. தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கியது.

கை தட்டினார்கள், மேடம். ரோய்ஸ்டன் நான் ஈரத்தோடு நிற்கிற படத்தை எடுத்து விஸ்மா வாட்ஸாப் குரூப்பில் போட்டு 'நம்ம ஹீரோ' என்று எழுதினார். போட்டோஸ்டேட் கடைக்காரர் அந்த வாரம் முழுக்கக் காப்பி வாங்கிக் கொடுத்தார். துளசி மறுநாள் மீன் கறியோடு வந்தாள்.

"நீங்க மட்டும் இல்லன்னா நாங்க தொலஞ்சோம்லாண்ணே."

எனக்கு நன்றாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகள் ஜொகூரில் இருக்கிறாள், தீபாவளிக்கு வந்தால் உண்டு. அந்த விஸ்மாவை விட்டால் 'அண்ணே' என்று என்னைக் கூப்பிட வேறு ஆள் இல்லை. அந்த ஒரு மாதம் நான் படியில் இறங்கினாலே யாராவது கூப்பிட்டுப் பேசினார்கள். பிறகு மழை குறைந்தது. பேச்சும் குறைந்தது. பழையபடி நான் வாளியோடு போவேன், வருவேன்.

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். நான் கொஞ்சம் வெயில் காட்டினேன், அவ்வளவுதான். அடுத்த மழைக்காலத்தில் மிதவையை நானே நூலால் கட்டினேன். துளசி கடை நூல்தான். குழியில் வேறு எது கிடந்தாலும் சந்தேகம் வரும். ஆனால் எனக்கென்று ஒரு ஒழுங்கு வைத்திருந்தேன். கணுக்காலுக்கு மேல் தண்ணீர் ஏறக் கூடாது. அன்று காலையிலேயே கடை கடையாகப் போய், "வானம் ஒரு மாதிரியா இருக்கு, சாமானத் தூக்கி மேல வைங்க" என்று சொல்லிவிடுவேன். முன்கூட்டியே எச்சரித்துவிட்டுத் தப்பு செய்கிறவனை உங்கள் சர்வீஸில் பார்த்திருக்கிறீர்களா? ஒரு சாமான் நனைந்ததில்லை. கார்த்திகேசு அண்ணனுக்கு மழை வாசனை முன்னாடியே தெரியும் என்று பேச்சு பரவியது. அதற்குப் பிறகும் சில தடவை செய்தேன். ரொம்ப இல்லை.

இதைக் கேட்டு என்னைத் தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடாதீர்கள். அந்த மாதிரி கேஸ் இல்லை நான். என் புத்தி சரியாகத்தான் வேலை செய்கிறது.

ஒன்றை மட்டும் நான் யோசிக்கவில்லை. அடிக்கடி வெள்ளம் வந்தால் நல்ல மேனேஜர் என்ன செய்வார்? அலாரம் வாங்கினார் ரோய்ஸ்டன். சின்னக் கருவி. சுவரில் மாட்டினால் போதும். தண்ணீர் ஏறினால் கைப்பேசிக்கே செய்தி வரும். நானே வாளித் தண்ணீர் வைத்துச் சோதித்தேன். அருமையான பொருள், குறை சொல்ல ஒன்றுமில்லை. பம்பைப் பார்த்துக்கொள்ள ஒரு கம்பெனி வரப்போகிறது என்றும் சொன்னார். மாதக் கடைசியோடு எனக்கு ஓய்வு.

"அங்கிள், இனிமே நிம்மதியா ரெஸ்ட் எடுங்கலா. இந்த வயசுல தண்ணில எறங்கணுமா, என்ன?"

அன்பாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மாதக் கடைசிக்கு முன்னால் ஒரு நல்ல மழையில், ரோய்ஸ்டன் கண் முன்னாலேயே, நான் இல்லாமல் முடியாது என்று எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்று முடிவு செய்தேன். கணுக்கால் தண்ணீருக்கு அந்தக் கருவியே போதும். இந்தத் தடவை முட்டிக்கு மேல் வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் ஆயுத பூஜை வந்தது.

எங்கள் அப்பா சுங்காய்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் ரப்பர் ஆலையில் வேலை பார்த்தவர். அங்கே ஆயுத பூஜை அன்று மிஷின் எல்லாம் நிற்கும். சந்தனம் குங்குமம் வைத்துவிட்டால் மறுநாள் மறுபூஜை முடிகிறவரை யாரும் தொடக் கூடாது. தொரையே வந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அந்த வழக்கத்தை விஸ்மாவுக்குக் கொண்டுவந்தது நான்தான். பம்பு ரூமில் வருஷா வருஷம் பூஜை நடக்கும். ஆனால் ஒரு பம்புக்குத்தான் சந்தனம் வைப்பேன். அது ஓய்வெடுக்கும், இன்னொன்று காவலுக்கு இருக்கும். அடுத்த வருஷம் மாற்றிக்கொள்வேன். சாமிக்குத் தண்ணீர் வருவது தெரியும், அவர் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இந்த வருஷம் இரண்டுக்கும் வைத்தேன். குழி மூடியைத் திறந்து சுவரில் சாய்த்துவிட்டு, இறங்கிச் சந்தனம் பூசி, மாலை போட்டேன். மெயின் சுவிட்சை அணைத்து அதற்கும் பொட்டு வைத்தேன். ரோய்ஸ்டனுடைய அலாரத்தையும் கழற்றித் தாம்பாளத்தில் வைத்தேன். புதுக் கருவி, முதல் வருஷம் பூஜைக்கு வைக்காமல் இருக்கலாமா? பேட்டரியை எடுத்துப் பக்கத்தில் வைத்து அதற்கும் ஒரு பொட்டு. ரோய்ஸ்டன் மாதா கோயிலுக்குப் போகிறவர், இதெல்லாம் அவருக்குத் தெரியாது. "செய்ங்க அங்கிள், உங்க கல்ச்சர்லா" என்று படம் எடுத்துக் குரூப்பில் போட்டார். அந்தப் படம் உங்களிடமும் இருக்கும். பேட்டரி அதில் தெளிவாகத் தெரியும்.

துளசி சுண்டலோடு வந்தாள். அவளுடைய கத்தரிக்கோல், டேப் எல்லாவற்றையும் தாம்பாளத்தில் வைத்தாள். பக்தி உள்ளவள். ஒரு வருஷம் அவசரத்துக்குப் பூஜையன்று ஒரு பட்டன் தைத்தாள். மறுநாளே மிஷின் ஊசி விரலில் ஏறிவிட்டது. அதிலிருந்து பொட்டு வைத்த பொருள் பக்கமே போகமாட்டாள்.

"ரெண்டு பம்புக்குமா ரெஸ்ட்டு? மழ வந்தா என்னண்ணே பண்றது?" என்று அவள்தான் கேட்டாள். வேறு யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

"இன்னிக்கு மழ வராதுமா" என்றேன்.

நான் சொன்னால் நம்புவார்கள். அன்று ஒருவரும் சாமானைத் தூக்கி மேலே வைக்கவில்லை. போட்டோஸ்டேட் கடைக்காரரும் பூட்டுக் கடைக்காரரும் நேரத்தோடு அடைத்துவிட்டுப் போனார்கள். துளசி மட்டும் சாயங்கால விளக்கு வைத்துவிட்டுப் போகிறேன் என்றாள். தீபாவளிக்குத் தைத்த ரவிக்கைகள் கடை நிறையத் தொங்கின. துணிக்கடையில் விளக்கை எரியவிட்டு எப்படிப் போவது? அது அணைகிறவரை இருப்பாள். எனக்கு அது தெரியும். எதிரே இருக்கிற கடையில் ஒரு டீ சொல்லிவிட்டு, கார்ச் சரிவு தெரிகிற மாதிரி உட்கார்ந்தேன்.

ஈப்போவின் சாயங்கால மழையை உங்களுக்கு விளக்க வேண்டாம். குன்றுப் பக்கம் கறுத்தது, கொட்டியது. சரிவில் தண்ணீர் இறங்க ஆரம்பித்ததும் நானே ரோய்ஸ்டனுக்குப் போன் செய்து, "தம்பி, தண்ணி வருது, உடனே வாங்க" என்றேன். ஜேமில் மாட்டியிருக்கிறேன், வந்துகொண்டே இருக்கிறேன் என்றார். அவர் வராமல் நான் இறங்கி என்ன பிரயோஜனம்?

துளசியின் முதல் அழைப்பு அப்போதுதான் வந்தது.

"அண்ணே, தண்ணி ஏறுதுண்ணே. பம்பு சத்தமே கேக்கல."

"மறுபூஜ இன்னும் ஆகலமா. எதையும் தொட்டுறாத. நான் வாரேன்."

"சீக்கிரம் வாங்கண்ணே."

டீயைக் குடித்து முடித்தேன். இன்னொன்று சொன்னேன். இந்த அழைப்பைப் பற்றித்தான் ரோய்ஸ்டனிடமும் பேப்பர்க்காரர்களிடமும் சொன்னேன். தொடாதே என்று நான் சொன்னேன், பாவம், அவள் கேட்கவில்லை என்று. அதில் பொய் இல்லை. ஆனால் அவள் போனில் இரண்டு அழைப்பு இருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எப்படியும் கேட்கப்போகிறீர்கள், நானே சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவது தடவை அவள் பேசும்போது பின்னால் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. ஆனால் அவள் அழவில்லை. அவள் படியேறி வெளியே வந்திருக்கலாம், வழி இருந்தது. போட்டோஸ்டேட் கடைக்காரருடைய பேப்பர்க் கட்டுகள் நனைகின்றன என்று ஷட்டர் இடுக்கில் துணியைத் திணித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னாள்.

"அண்ணே, முட்டிக்கு வந்துருச்சு. நீங்க எங்க இருக்கீங்க? சாமி ஒன்னும் கோவிச்சுக்காதுண்ணே, நான் போயி சுவிட்ச போட்டுறேன். அந்தச் செவுத்துலதான இருக்கு?"

பொட்டு வைத்த பொருளைத் தொடமாட்டாள் என்றுதான் நான் கணக்குப் போட்டிருந்தேன். அடுத்தவன் பேப்பர் நனைகிறது என்றதும் சாமி பயமே போய்விட்டது அவளுக்கு. எனக்குச் சுருக்கென்று இருந்தது. அவள் சுவிட்சைப் போட்டால் பம்பு உடனே பிடிக்கும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ரோய்ஸ்டன் வந்து சேரும்போது தரை காய்ந்திருக்கும். குரூப்பில் அவளுடைய படம் வரும். என் வேலையை, என் பம்பை வைத்து, அவள் செய்துவிட்டுப் போய்விடுவாள்.

குழி மூடி திறந்திருப்பது எனக்கு ஞாபகம் இருந்தது. அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஞாபகம் வந்தது. முட்டித் தண்ணீரில், கலங்கலில், குழி எது தரை எது என்று தெரியாது. 'மூடி தொறந்திருக்கு, போகாதம்மா' என்று சொல்ல ஒரு நொடி போதும். எனக்கு அந்த நொடி இருந்தது. அவள் பதிலுக்காகக் காத்துக்கொண்டுதான் இருந்தாள்.

"ஆமாமா, அந்தச் செவுருதான். போயிப் போடு" என்றேன்.

அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். மாற்ற வேண்டாம்.

கொஞ்ச நேரத்தில் ரோய்ஸ்டன் வந்தார். மழையில் ரோட்டோரம் ஆட்களும் கூடிவிட்டார்கள். நான் சிலுவாரை மடித்துக்கொண்டு இறங்கினேன், அவர் டார்ச் அடித்துக்கொண்டு பின்னால் வந்தார். தண்ணீர் தொடைக்கு ஏறியிருந்தது. பம்பு ரூமில் எனக்குக் கண் வேண்டாம். குழி ஓரத்தைக் காலால் தடவிச் சுற்றிக்கொண்டு போய், முதலில் சுவிட்சைப் போட்டேன். எந்த வெள்ளத்திலும் முதல் வேலை அதுதான். இரண்டு பம்பும் ஒரே நேரத்தில், முதல் தட்டிலேயே பிடித்தன. வேறு எதை விட்டாலும் இதை விட்டுவிடாதீர்கள், மேடம். பிறகுதான் குழிக்குள் இறங்கினேன். மாலை அவள் கையில் சுற்றியிருந்தது. தூக்கி ரோய்ஸ்டனிடம் கொடுத்தேன். அவர் நெஞ்சை அழுத்தி அழுத்திப் பார்த்தார், ஜெபம் சொன்னார், அழுதார். அந்த நேரத்தில் யாரும் படம் எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

சாவு வீட்டுக்குப் போனேன். போகாமல் இருக்க முடியுமா? துளசியின் கணவர் கனகராஜ் லோரி ஓட்டுகிறவர், பெரிய உடம்பு. வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து வந்து, அத்தனை பேர் முன்னாலும் என் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"அண்ணே, நீங்க மட்டும் அந்தத் தண்ணில எறங்கலன்னா அவ மொகத்தக்கூட நான் பாத்திருக்கமாட்டேண்ணே."

அது என் கடமை என்று சொன்னேன். எனக்கும் கண் கலங்கிவிட்டது, மேடம். இத்தனை வருஷத்தில் என் வேலையை ஒருவர் சரியாகப் புரிந்துகொண்டு பேசியது அதுதான் முதல் தடவை.